சிறுகோள் பட்டையை லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன்

அக்கா மகன் எட்டாவது படிக்கிறான். மே மாத லீவில் வீட்டுக்கு வந்தவன் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, "மாமா, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல இருந்த ஒரு கிரகம் வெடிச்சுதான் சிறுகோள் எல்லாம் வந்துச்சாமே?" என்றான். அதெல்லாம் இல்லடா என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். படித்திருக்கிறேன், அவ்வளவுதான். கையால் எதையும் செய்து பார்த்ததில்லை. அந்த ஒரு கேள்விக்காக ஆரம்பித்தது மூன்று வாரம் இழுத்தது. என்னென்ன செய்தேன், எங்கெங்கே சொதப்பினேன் என்று எழுதி வைக்கிறேன், வேறு யாராவது முயன்றால் உதவும்.

பையன் சொன்னது ஒன்றும் புது உளறல் இல்லை. 1801 ஜனவரி 1 அன்று பியாட்சி என்ற வானியலாளர் சிசிலியில் செரஸ் என்ற முதல் சிறுகோளைக் கண்டார். 1802-இல் ஓல்பர்ஸ் கிட்டத்தட்ட அதே தொலைவில் பல்லாஸைக் கண்டார். ஒரே இடத்தில் இரண்டு எப்படி என்று யோசித்த ஓல்பர்ஸ், இவை உடைந்துபோன ஒரு கிரகத்தின் துண்டுகளாக இருக்கலாம் என்றார். அன்றைக்கு அது நியாயமான யோசனைதான்.

முதல் வேலையாக, நிஜத்தில் அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க நினைத்தேன். மைனர் பிளானட் சென்டர் என்ற அமைப்பு தெரிந்த எல்லாச் சிறுகோள்களின் சுற்றுப்பாதை விவரத்தையும் ஒரே ஃபைலாகப் போட்டு வைத்திருக்கிறது. இலவசம். 14 லட்சத்துக்கு மேல் வரிகள், விரித்தால் 250 எம்பியைத் தாண்டும். ஒரு வரிக்கு ஒரு சிறுகோள். பைத்தானில் வழக்கம்போல இடைவெளி பார்த்து ஒவ்வொரு வரியையும் துண்டு போட்டேன், பதினோராவது துண்டுதான் சூரியனிலிருந்து சராசரித் தொலைவு என்று எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, எழுத்தை எண்ணாக மாற்ற முடியவில்லை என்று நின்றது. பிழை வந்தால் தாண்டிப் போ என்று ஒரு வரி சேர்த்தேன் (சோம்பேறித்தனம்தான்). ஓடி முடிந்தது, ஆனால் எத்தனை வரி காணாமல் போனது என்றே தெரியவில்லை. அப்புறம் ஃபைலைத் திறந்து கண்ணால் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சில சிறுகோள்களுக்குப் பிரகாச எண்ணே கிடையாது, அந்த இடம் வெறுமையாக இருக்கும், அதனால் பின்னால் உள்ளதெல்லாம் இரண்டு துண்டு முன்னால் நகர்ந்துவிடும். நடுவில் வெற்று வரிகளும் உண்டு. அந்தக் காலத்துப் பாணியில், எத்தனையாவது எழுத்திலிருந்து எத்தனையாவது எழுத்துவரை என்று எண்ணி வெட்ட வேண்டிய ஃபைல் இது. 93 முதல் 103 வரை தொலைவு, 71 முதல் 79 வரை பாதை எவ்வளவு நீள்வட்டம் என்று சொல்லும் எண். இதைப் பாடப்புத்தகத்தில் மையத்தொலைத்தகவு என்பார்கள், நான் இங்கே 'நீட்சி' என்றே சொல்லிக்கொள்கிறேன். முழு வட்டம் என்றால் 0, 1-ஐ நெருங்க நெருங்க நீளும்.

முதலில் எல்லாவற்றின் இன்றைய இடத்தையும் மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்தேன். மெதுவடை மாதிரி வந்தது. நடுவில் ஓட்டை, சுற்றிலும் ஒரே அடர்த்தியாகப் புள்ளிகள். இடைவெளி எதுவுமே தெரியவில்லை. இருப்பதாகச் சொல்கிறார்களே என்று ஒரு மாலை முழுக்கக் குழம்பினேன். பிழை என்னுடையதுதான். ஒவ்வொன்றும் நீள்வட்டத்தில் போவதால் சில நேரம் உள்ளே, சில நேரம் வெளியே இருக்கும், எல்லாம் கலந்து இடைவெளியை மூடிவிடும். இன்றைய இடத்தை விட்டுவிட்டு சராசரித் தொலைவை மட்டும் எண்ணி, 0.005 அலகுக்கு ஒரு கம்பம் என்று வரைந்ததும் படம் மாறியது. (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம், சுமார் 15 கோடி கி.மீ.) 2.5-இல் கத்தியால் வெட்டியதுபோல் ஒரு பள்ளம். 2.82-இல் ஒன்று, 2.96-இல் ஒன்று, 3.27-இல் பட்டையே கிட்டத்தட்ட முடிந்துபோகிறது. ஸ்க்ரீனில் அது வந்தபோது, இத்தனை வருடம் படித்ததெல்லாம் அப்போதுதான் நிஜமானதுபோல் இருந்தது.

இந்தப் பள்ளங்களை 1860-களிலேயே டேனியல் கிர்க்வுட் என்ற அமெரிக்கர் கவனித்துச் சொன்னார். அப்போது தெரிந்திருந்த சிறுகோள்கள் 100-க்கும் குறைவு! எனக்கு 14 லட்சம் தேவைப்பட்டதை அவர் அந்தக் கொஞ்சத்திலேயே பார்த்திருக்கிறார். அவர் காலத்துப் பட்டியலில் நம்ம ஊர்ச் சங்கதி ஒன்றும் உண்டு. 1861-இல் மெட்ராஸ் வானாய்வகத்தில் இருந்த நார்மன் போக்சன் கண்டுபிடித்தது 67-ஆம் எண் சிறுகோள். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் பெயரே 'ஆசியா'. ஃபைலில் அந்த வரியைத் தேடிப் பார்த்தேன், தொலைவு 2.42, முதல் பள்ளத்துக்குக் கொஞ்சம் உள்ளே பத்திரமாக இருக்கிறது.

சரி, பள்ளம் ஏன்? 2.5 அலகில் ஒரு கல் சூரியனை ஒரு தடவை சுற்ற 3.95 ஆண்டு. வியாழனுக்கு 11.86 ஆண்டு. அதாவது இது மூன்று சுற்று முடிக்கும்போது வியாழன் சரியாக ஒன்று முடிக்கும். 3:1 ஒத்திசைவு. 3.27-இல் 2:1. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல என்று எல்லாரும் உதாரணம் சொல்வார்கள், நானும் பையனிடம் அதைத்தான் சொன்னேன். செய்து பார்த்தபிறகு அந்த உதாரணம் பாதிதான் சரி என்று தோன்றுகிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

அடுத்து, பள்ளமே இல்லாத பட்டையை நானே உண்டாக்கி, வியாழனை ஓடவிட்டுப் பார்ப்பது. ஈர்ப்புக் கணக்குதானே, பத்து வரி நிரல்தான் என்று எழுதினேன். பழைய வேகத்தை வைத்து இடத்தைக் கூட்டு, பழைய இடத்தை வைத்து வேகத்தைக் கூட்டு, திரும்பச் செய். ஒரு தடவைக்கு 0.01 ஆண்டு முன்னேறும், அதுதான் ஓர் அடி. சுமார் 300 ஆண்டுக்குள் வியாழன் சனி இருக்க வேண்டிய இடத்துக்கே போய்விட்டது. இந்த எளிய முறையில் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் ஆற்றல் திருட்டுத்தனமாகக் கூடிக்கொண்டே போகும், பாதை சுருள் சுருளாக விரியும். 10 லட்சம் ஆண்டு ஓட்ட வேண்டிய கணக்குக்கு இது ஆகாது. ரீபவுண்ட் என்று ஓர் இலவச நிரல் தொகுப்பு இருக்கிறது, அதற்கு மாறினேன். அதில் உள்ள முறை ஆற்றலைக் கைவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், அடியையும் 0.1 ஆண்டாகப் பெரிதாக்கலாம்.

சூரியன், வியாழன், சனி, அப்புறம் 2.1 முதல் 3.4 அலகு வரை சீராகத் தூவிய 2000 எடையற்ற துகள்கள். சூரியனை 1.66 அலகைவிட நெருங்கி வந்துவிட்டால் அந்தத் துகள் செவ்வாயின் பாதையைத் தொட்டுவிட்டது என்று கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். இரவு பத்து மணிக்கு ஓடவிட்டுப் படுத்தேன். என் லேப்டாப்பின் பாட்டரி செத்துப் பல மாதம் ஆகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு கரன்ட் போனது. 6 லட்சம் ஆண்டு சூரியக் குடும்ப வரலாறு அப்படியே போச்சு. ரீபவுண்டில் அவ்வப்போது நிலையைச் சேமித்து வைக்கும் வசதி இருக்கிறது, ஒரே வரி. முதல் நாளே போட்டிருக்க வேண்டும். இன்னொரு கோளாறு: ஒரு துகளை நீக்கினால் அதற்குப் பின்னால் உள்ளவற்றின் வரிசை எண் எல்லாம் மாறிவிடும். அது தெரியாமல் நான் பார்த்துக்கொண்டிருந்த துகள் ஒரே நாளில் 2.5-லிருந்து 3.1-க்குத் தாவியதைப் பார்த்து, ஏதோ பெரிய கண்டுபிடிப்பு என்று அரை மணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு துகளுக்கும் தனிப் பெயர் ஒட்டியதும் சரியானது.

இரண்டாவது இரவில் ஓட்டம் முழுசாக முடிந்தது. 417 என்று பெயரிட்ட துகளைச் சொல்ல வேண்டும். 2.5-க்கு மிக அருகில் ஆரம்பித்தது. நீட்சி 0.05-க்கும் கீழே. ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் அப்படியே இருந்தது. ஊஞ்சல் என்றால் ஒவ்வொரு தள்ளுக்கும் ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும் இல்லையா? அப்படி இல்லை. ஒன்றுமே நடக்காததுபோல் இருந்துவிட்டு, திடீரென்று சில ஆயிரம் ஆண்டில் நீட்சி 0.3-ஐத் தாண்டியது, திரும்ப இறங்கியது, இன்னொரு தடவை எகிறி செவ்வாய் எல்லையைத் தொட்டுக் காணாமல் போனது. அத்தனை நேரமும் சராசரித் தொலைவு 2.5-ஐ விட்டுப் பெரிதாக நகரவே இல்லை. வியாழன் கல்லைப் பிடித்து வெளியே எறிவதில்லை. அதன் பாதையை நீட்டி செவ்வாயின் வழியில் கொண்டுபோய் விடுகிறது. இந்த 3:1 இடத்தில் ஒழுங்கற்ற பாய்ச்சல் இருக்கிறது என்பதை 1980-களின் தொடக்கத்தில் ஜாக் விஸ்டம் கணக்கிட்டுக் காட்டினார். அவருடைய வரைபடங்களில் இருந்த அதே முரட்டுக் குதிப்பு என் பழைய லேப்டாப்பிலும் வந்ததில் ஒரு அல்ப சந்தோஷம்.

10 லட்சம் ஆண்டு முடிவில் 2.5-இல் தெளிவான பள்ளம், 2.82-இல் சின்னதாக ஒன்று. 3.27-இல் ஒன்றும் பெரிதாக இல்லை, அதற்கு இன்னும் நிறைய காலம் வேண்டும். பையனுக்கு வாட்ஸப்பில் படம் அனுப்பினேன். "அப்ப மிச்சம் எல்லாம் அப்படியே இருக்கே?" என்று பதில் வந்தது.

ரொம்ப சரியான கேள்வி. 2000-இல் வெளியேறியவை 71 மட்டும். நிஜப் பட்டையின் கதை வேறு. இன்றைக்கு அங்கே உள்ள எல்லாவற்றையும் திரட்டினாலும் நம்ம நிலாவின் எடையில் சுமார் 3 சதவீதம்தான், அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செரஸ் ஒன்றே. பூமியோடு ஒப்பிட்டால் 2500-இல் ஒரு பங்கு. ஆனால் கிரகங்கள் பிறந்த வாயு, தூசுத் தட்டு பூமிக்கும் வியாழனுக்கும் இடையே சீராகப் பரவியிருந்தது என்று வைத்தால், அந்த இடத்தில் ஒரு பூமி அளவுக்காவது பொருள் இருந்திருக்க வேண்டும். வியாழன் இன்றுள்ள இடத்தில் நின்றுகொண்டு பள்ளம் தோண்டலாம், ஊரையே காலி செய்ய முடியாது. என் ஓட்டம் காட்டியது அதைத்தான்.

உடைந்த கிரகம் என்ற யோசனை இங்கேயே விழுந்துவிடுகிறது, உடைய அங்கே அவ்வளவு சரக்கே இல்லை. தவிர, துண்டுகள் ஒரே அம்மா பிள்ளைகள் மாதிரி இல்லை. வெஸ்டா என்ற பெரிய சிறுகோள் ஒரு காலத்தில் உருகி எரிமலைப் பாறை போர்த்திக்கொண்டது. அதைவிடக் கொஞ்சம் தள்ளி இருக்கிற செரஸில் பனிக்கட்டியும் களிமண் கனிமங்களும். டான் விண்கலம் 2011-இல் வெஸ்டாவுக்கும் 2015-இல் செரஸுக்கும் போய் இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்தது. இங்கே விழும் இரும்பு விண்கற்களின் வேதியியலைப் பார்த்தாலும் பல தனித்தனித் தாய்க்கோள்கள் தேவைப்படுகின்றன. நடந்தது தலைகீழ்: 456 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தூசு சேர்ந்து கூழாங்கல்லாகி, கூழாங்கற்கள் கூட்டமாகக் குவிந்து நூறு கி.மீ. அளவுக் கோள்களாயின. அடுத்த கட்டத்துக்குப் போவதற்குள் வியாழன் பெரிதாகிவிட்டது. இன்றைக்கு அங்கே கற்கள் மோதிக்கொள்ளும் சராசரி வேகம் நொடிக்கு சுமார் 5 கி.மீ. அந்த வேகத்தில் மோதினால் ஒட்டாது, நொறுங்கும்.

காலியானது எப்படி என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. 2011-இல் வந்த ஒரு விளக்கத்தின்படி வியாழன் வாயுவோடு உரசி 1.5 அலகு வரை உள்ளே வந்து, சனி வந்து சேர்ந்ததும் திரும்பி வெளியே போனது. போகும்போதும் வரும்போதும் பட்டையைக் கலக்கிவிட்டது. 2017-இல் இன்னொன்று: அந்த இடம் பிறக்கும்போதே கிட்டத்தட்ட காலிதான், இப்போது அங்கே உள்ளவை உள்ளிருந்தும் வெளியிருந்தும் வந்து ஒதுங்கிய அகதிகள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது, முதலாவதில் வியாழன் ரொம்பச் சொன்னபேச்சு கேட்கிறது. ஆனால் பிடிப்பதற்கும் உண்மைக்கும் சம்பந்தமில்லை. எப்படிப் பார்த்தாலும் பெரிய கிரகங்களை அசையாமல் ஆணியடித்து வைத்தால் கதை நிற்காது.

வியாழனை நகர்த்த என் லேப்டாப்புக்குத் தெம்பில்லை. வாயுத் தட்டையும் சேர்க்க வேண்டும். நெப்டியூனை நகர்த்தலாம், அது சுலபம். வால்வெள்ளிகளின் ஊரும் அந்தப் பக்கம்தான். நெப்டியூனுக்கு அப்பால் உள்ள கைப்பர் பட்டையில் புளூட்டோவுக்குப் பிறகு முதல் பொருளை 1992-இல் டேவிட் ஜூவிட்டும் ஜேன் லூவும் கண்டார்கள். புளூட்டோ சூரியனை இரண்டு முறை சுற்றும்போது நெப்டியூன் மூன்று முறை சுற்றும், 3:2. இதே 3:2 உறவில் வியாழனோடு 3.97 அலகில் ஹில்டா என்ற கூட்டம் இருப்பதை என் முதல் படத்திலேயே பார்த்தேன், அங்கே பள்ளம் இல்லை, குவியல். ஒத்திசைவு ஓர் இடத்தில் துரத்துகிறது, இன்னோர் இடத்தில் அணைத்துக்கொள்கிறது. புளூட்டோவின் பாதை நெப்டியூன் பாதையைத் தாண்டி உள்ளே வந்தாலும் இரண்டும் சந்திப்பதே இல்லை, காரணம் அந்த அணைப்புதான்.

புளூட்டோ அங்கே தானாக மாட்டவில்லை, நெப்டியூன் வெளியே நகர்ந்தபோது அள்ளிக்கொண்டு போனது என்று 1993-இல் ரேணு மல்ஹோத்ரா சொன்னார். அதைத்தான் ஓட்ட நினைத்தேன். சூரியனும் நெப்டியூனும் மட்டும், 28 முதல் 48 அலகு வரை 500 துகள்கள், அடிக்கு 5 ஆண்டு, மொத்தம் 2 கோடி ஆண்டு. நெப்டியூனை 23 அலகில் வைத்து, அது போகும் திசையிலேயே மெல்லத் தள்ளும் ஒரு விசை சேர்த்தேன். முடிவில் 30-க்கு வர வேண்டும்.

முதல் ஓட்டத்தில் ஒரு துகள்கூட மாட்டவில்லை. படம் கிட்டத்தட்ட ஆரம்பித்தபடியே இருந்தது. மல்ஹோத்ரா தப்பு என்று நினைக்கும் அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லாததால் நிரலைத் திறந்தேன். விசைக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி! நெப்டியூன் வெளியே போகாமல் உள்ளே போயிருக்கிறது. 2:1 ஒத்திசைவின் இடம் 36-லிருந்து 28-ஐ நோக்கி நடுவில் இருந்த துகள்களின் மேல் உருண்டு போயிருக்கிறது, ஆனால் ஒன்றையும் பிடிக்கவில்லை, லேசாகத் தட்டிவிட்டுப் போய்விட்டது. இந்தத் தப்பு நடந்திராவிட்டால் எனக்கு இது புரிந்திருக்காது. கிரகமும் துகளும் நெருங்கி வந்தால்தான் கொக்கி மாட்டும். விலகிப் போனால் ஒத்திசைவு அவற்றைத் தாண்டிச் சென்றுவிடும்.

குறியை மாற்றி ஓட்டினேன். இந்தத் தடவை 39.4-இல் செங்குத்தாக ஒரு சுவர் எழும்பியது. மாட்டிய துகளை நெப்டியூன் தள்ளிக்கொண்டே போகும், தள்ளத் தள்ள அதன் பாதை நீளும். யார் முதலில் மாட்டினார்களோ அவர்களுக்கு நீட்சி அதிகம், சுவரின் உச்சியில் 0.3-ஐ நெருங்கியது. புளூட்டோவின் நீட்சி 0.25. காகிதத்தில் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், புளூட்டோ சுமார் 33 அலகில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது நெப்டியூன் 25-இல் இருந்து வந்து பிடித்திருக்க வேண்டும் என்று வருகிறது. ஒரு பாதையின் வடிவத்தை வைத்து இன்னொரு கிரகம் 5 அலகு நகர்ந்திருக்கிறது என்று சொல்ல முடிகிறது. இந்த மூன்று வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான்.

நெப்டியூனுக்கு மிக அருகில் போன துகள்களை நான் நீக்கிவிட்டேன், கணக்கு அங்கே துல்லியமாக வராது. ஆனால் நிஜத்தில் அந்த நீக்கப்பட்டவைதான் சுவாரசியமானவை. நெப்டியூன் உள்பக்கம் தட்டிவிட்டவை கிரகம் கிரகமாகக் கைமாறி வியாழனிடம் வரும். சில 67பி போல ஆறேழு ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும் வால்வெள்ளிகளாகும், பல மொத்தமாக வெளியே வீசப்படும். அப்படி வீசப்பட்டு முழுக்கத் தப்பாமல் மிகத் தொலைவில் தொங்கிக்கொண்டிருப்பவை 1950-இல் ஊர்ட் என்ற வானியலாளர் சொன்ன மேகம், நீண்டகால வால்வெள்ளிகள் வருவது அங்கிருந்து.

இப்போது என் படத்தில் உதைக்கிற இடம். 47.6-இலும் ஒரு சுவர் வந்திருக்கிறது, 2:1 ஒத்திசைவு அள்ளிக்கொண்டு போனது. அதனால் 42 முதல் 47 வரை கிட்டத்தட்ட காலி. நிஜம் இதற்கு நேர்மாறு, 2:1-இல் கூட்டம் குறைவு, 42 முதல் 47 வரைதான் கைப்பர் பட்டையின் நெரிசலான பகுதி. அதில் ஒரு பங்கு பிறந்த இடத்தை விட்டு நகராததுபோல் வட்டமான, தட்டையான பாதையில் போகிறது. நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2019 ஜனவரி 1 அன்று கடந்த அரோகோத் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. இரண்டு உருண்டைகள் நசுங்காமல் மெதுவாக வந்து ஒட்டிக்கொண்டவை, யாரும் தொந்தரவு செய்யவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

என் நெப்டியூன் வெண்ணெயில் கத்தி போவதுபோல் வழுவழுவென்று போனதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நிஜ நெப்டியூன் புளூட்டோ அளவுப் பொருட்களை நெருங்கும்போதெல்லாம் அவற்றின் ஈர்ப்பில் குலுங்கிக் குலுங்கிப் போயிருக்க வேண்டும், குலுங்கினால் மாட்டிய துகள்கள் கொக்கியிலிருந்து நழுவி வழியிலேயே விழும். 2016-இல் வந்த ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. விசையில் அவ்வப்போது சின்னச் சின்ன உதறல் சேர்த்து நேற்று இரவு ஓடவிட்டேன். புது பாட்டரி போட்டாயிற்று, சேமிப்பு வரியும் இருக்கிறது. இதை எழுதும்போது 90 லட்சம் ஆண்டு ஆகியிருக்கிறது, 2:1-இல் இதுவரை 11 துகள், 3:2-இல் 38. பையன் அரை மணிக்கு ஒருமுறை "இப்ப எத்தனை மாமா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.